இலையில் வெள்ளை பூத்தால்: நிழல் மரங்களின் சாம்பல் நோய்க்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துப் புது வீட்டுமனைத் தெருக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "மரத்துல வெள்ளை வெள்ளையா பூத்திருக்குங்க, என்ன மருந்து அடிக்கலாம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் போன வருஷமோ அதற்கு முந்தைய வருஷமோ வாசலில் ஆசையாக மரம் வைத்தவர்கள். கண்ணுக்குக் கண்ணாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த கன்று, நுனி இலையெல்லாம் சுருண்டு மாவு பூசியதுபோல் நின்றால் வயிறு கலங்கத்தான் செய்யும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது.

எங்கள் தெருவில் பாதிக்கு மேல் லாகர்ஸ்ட்ரோமியா. நர்சரியில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் எடுத்துத் தருவார்கள். பூமருதுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் சின்ன மரம். கசங்கிய காகிதம்போல இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் கொத்துக் கொத்தாகப் பூக்கும். மின்கம்பியைத் தொடாது என்பதால் குறுகலான தெருக்களில் இதைத்தான் வைக்கிறார்கள். இலையில் வெள்ளையாகப் படரும் பூஞ்சை நோயான சாம்பல் நோய்க்கு மிகவும் விருப்பமான மரங்களில் இதுவும் ஒன்று. வேம்பு, தேக்கு, மா, முசுக்கொட்டை எல்லாவற்றுக்கும் இந்த நோய் வரும் என்றாலும், கீழே சொல்வதில் பெரும்பகுதி லாகர்ஸ்ட்ரோமியாவைக் கண்முன் வைத்துச் சொல்வது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்து நர்சரிகளில் மூன்று மொழியும் புழங்கும். தமிழில் சாம்பல் நோய், கன்னடத்தில் பூதி ரோக, தெலுங்கில் பூடித தெகுலு. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். எந்த மொழிக்காரரிடம் கேட்டாலும் 'சாம்பல்' என்ற பொருள் வரும் சொல்லைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். 'வெள்ளை நோய்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இலை வெள்ளையாவதற்குக் குறைந்தது ஐந்து காரணங்கள் உண்டு. ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்கு உதவாது. நான் முதல் வருஷம் செய்த பிழை இதுதான். கடையில் போய் "வெள்ளையா இருக்கு" என்றேன். பூச்சி மருந்து கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்தேன். சாம்பல் அப்படியே இருந்தது, மரத்தில் இருந்த பொறிவண்டுகள்தான் செத்து விழுந்தன. அந்த வண்டுகள் எனக்கு எவ்வளவு வேண்டியவை என்பது பிறகுதான் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் ஊருக்கே உரிய முதல் காரணம் கல் தூசி. கிரானைட் குவாரியும் கிரஷரும் உள்ள பக்கங்களில் லாரி போகும் சாலையோர மரங்கள் எல்லாமே வெளுத்துப் போயிருக்கும். வேம்பு, புளி, எருக்கு என்று வேறுபாடு இருக்காது, சாலையைப் பார்த்த பக்கம் அதிகமாக இருக்கும், இலையின் மேல்பக்கம் மட்டும் படிந்திருக்கும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் பச்சை தெரிந்துவிடும். விரலில் நறநறவென்று உறுத்தும். சாம்பல் நோயில் உறுத்தல் இருக்காது, முகப்பவுடர்போல வழுக்கும்.

இரண்டாவது, உப்புத் தண்ணீர். போர்வெல் தண்ணீரைக் குழாயால் இலைமேல் பீய்ச்சுகிறவர்கள் வீட்டில், தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளை வட்டமாக உப்பு நிற்கும். விரலில் ஒட்டாது, சொரசொரப்பாக இருக்கும். மூன்றாவது மாவுப்பூச்சி. பஞ்சு பஞ்சாகக் கணுக்களிலும் இலைக்காம்பின் கக்கத்திலும் அடையும், நசுக்கினால் ஈரமாகப் பிசுபிசுக்கும், எறும்பு ஏறிக்கொண்டே இருக்கும். நான்காவது சுருள் வெள்ளை ஈ. இலையின் அடியில் வளைவு வளைவாகக் கோலம் போட்டதுபோல மெழுகு இருக்கும், கிளையை உலுக்கினால் சின்ன வெள்ளை ஈக்கள் பறக்கும்.

ஐந்தாவதுதான் நம் ஆள். இளம் இலையில் முதலில் வட்ட வட்டமாகச் சின்னத் திட்டு. நான்கைந்து நாளில் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து இலை முழுவதும் வெள்ளைப் படலம். லாகர்ஸ்ட்ரோமியாவில் அந்த இலைகள் முறுக்கிக்கொண்டு குட்டையாகும், சிலவற்றில் அடியில் ஒரு கருஞ்சிவப்புச் சாயல் தெரியும். பூ மொட்டையும் பிடிக்கும், பிடித்த மொட்டு விரியாமல் காய்ந்துவிடும். முற்றிய பழைய இலைகள் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். தளிரில் வெள்ளை, முதிர்ந்த இலையில் பச்சை என்று பார்த்தால் ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம்.

விரலால் அழுத்தித் தேய்த்தால் வெள்ளை போய்விடும், அடியில் இலை பச்சையாகவோ லேசாக மஞ்சளித்தோ இருக்கும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், செலவு குறைவு. அதில் பார்த்தால் சிலந்தி நூலைவிட மெல்லிய இழைகள் இலைமேல் படர்ந்திருப்பதும், ஆங்காங்கே மாவு குவிந்ததுபோல் வித்துகள் நிற்பதும் தெரியும். என் அனுபவத்தில் இந்த லென்ஸ்தான் எந்த மருந்தையும்விட அதிகமாக உதவியிருக்கிறது.

வேப்பமரத்துக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. மழைக்குப் பின் வேம்பின் நுனிக்கிளைகள் தீயில் வாட்டியதுபோல் பழுப்பாகிக் காய்வதைப் பலர் இதோடு சேர்த்துவிடுகிறார்கள். அது தேயிலைக் கொசு என்ற சாறுறிஞ்சும் பூச்சியும் வேறொரு பூஞ்சையும் சேர்ந்து செய்யும் கருகல். அதில் வெள்ளை மாவு இருக்காது.

இது எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது

லாகர்ஸ்ட்ரோமியாவில் வரும் பூஞ்சைக்கு எரிசிஃபே ஆஸ்ட்ராலியானா என்று பெயர். சாம்பல் நோய்ப் பூஞ்சைகள் எல்லாமே உயிருள்ள இலையில்தான் வாழும். செத்த இலையில் வளராது. உடம்பு பெரும்பாலும் இலைக்கு வெளியே கிடக்கும், இலையின் மேல்தோல் செல்லுக்குள் மட்டும் சின்ன உறிஞ்சு உறுப்பை இறக்கிச் சாற்றைக் குடிக்கும். இலையைக் கொன்றால் அதற்கே சாப்பாடு இல்லை. அதனால்தான் மரம் பார்க்கப் பரிதாபமாக இருந்தாலும் லேசில் சாவதில்லை.

முசுக்கொட்டையில் வரும் ஃபில்லாக்டினியா கொஞ்சம் வேறு மாதிரி. அது இலைத்துளை வழியாக உள்ளேயும் நுழையும், வெள்ளை இலையின் அடிப்பக்கத்தில் தெரியும். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இலையைத் திருப்பிப் பார்ப்பது அதனால்தான்.

அடுத்தது முக்கியம். மற்ற பூஞ்சை நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு இலை நனைந்திருக்க வேண்டும். இதற்குத் தேவையே இல்லை. இதன் வித்து காற்றில் உள்ள ஈரத்திலேயே முளைக்கும், இலைமேல் தண்ணீர் நின்றால் முளைப்பு கெடும். பகல் வறண்டு, இரவு குளிர்ந்து காற்றில் ஈரம் கூடினால் அதற்குக் கொண்டாட்டம். 20 முதல் 27 டிகிரி வரை நன்றாக வளரும். 35 டிகிரியைத் தாண்டி வெயில் நின்றால் அடங்கிவிடும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார்த்திகையிலிருந்து மாசி வரை அதற்கு இதமான நாட்கள். ஆடி மாத மூடாக்கிலும் ஒரு சுற்று வருவதைப் பார்த்திருக்கிறேன். தருமபுரி சமவெளியில் பங்குனி பிறந்ததும் வெயிலே முக்கால்வாசி வைத்தியத்தைச் செய்துவிடும்.

வித்து ஏராளமாக உண்டாகிக் காற்றில் பறக்கும். ஒரு வித்து விழுந்து அடுத்த தலைமுறை வித்து வெளிவர ஒரு வாரம் போதும். ஒரு நிம்மதியும் உண்டு. ரோஜாவில் வரும் சாம்பல் வேறு, மாம்பூவில் வரும் சாம்பல் வேறு, லாகர்ஸ்ட்ரோமியாவில் வருவது வேறு. "எங்க மாந்தோப்புக்கு உங்க மரத்துலருந்து வந்துடும்" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சண்டைக்கு வந்தால் பயப்பட வேண்டாம். அப்படித் தாவாது.

மருந்து தேவையா என்று முடிவு செய்யுங்கள்

ஆளுயரத்துக்கு மேல் இரண்டு மடங்கு வளர்ந்து, தண்டு மணிக்கட்டு அளவு தடித்த மரமா? மருந்தே வேண்டாம். ஏணி போட்டு ஏறி மருந்து அடித்து, பாதி உங்கள் மேலும் பாதி பக்கத்து வீட்டு மொட்டைமாடித் துணிமேலும் விழுவதைவிட, கீழே சொல்லும் வெட்டும் வேலையைச் செய்தால் போதும். வெயில் ஏறும்போது மரம் புதுத்தளிர் விட்டுத் தானே மீண்டுவிடும்.

நட்டு இரண்டு ஆண்டுக்குள் இருக்கும் கன்று, இலையில் பாதிக்கு மேல் வெள்ளை, ஒவ்வொரு தளிரும் சுருண்டுகொண்டே போகிறது என்றால் கவனிக்கத்தான் வேண்டும். கன்றுக்கு இருக்கும் இலையே கொஞ்சம், அதில் பாதி போனால் வளர்ச்சி ஒரு வருஷம் பின்தங்கும்.

வெட்டுவது

லாகர்ஸ்ட்ரோமியாவின் அடியில், வேர்ப்பக்கமிருந்து மெல்லிய குருத்துகள் கும்பலாக வரும். சாம்பல் முதலில் வந்து உட்காருவது அங்கேதான். நிழல், ஈரம், இளசு எல்லாம் ஒரே இடத்தில். அடுத்த பருவத்துக்கு மொட்டுகளுக்குள் ஒளிந்து தங்குவதும் அங்கேதான். அந்த அடிக்குருத்துகளைத் தரையை ஒட்டி வெட்டி எடுங்கள். ஐப்பசிக் கடைசியில் ஒருமுறை, தையில் ஒருமுறை. வேறு எதுவும் செய்ய நேரமில்லை என்றாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

அப்புறம் மரத்தின் நடுவைப் பாருங்கள். ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை இரண்டு மூன்றை எடுத்தால் காலை வெயில் நடுவில் இறங்கும், காற்று ஓடும். அதற்கு மேல் வெட்ட வேண்டாம். எங்கள் தெருவில் ஒருவர் ஆத்திரத்தில் மரத்தை மொட்டையாக வெட்டினார். ஒரு மாதத்தில் நூறு தளிர் வந்தது, நூறிலும் சாம்பல். கடுமையாக வெட்டினால் மரம் அவசரமாக இளந்தளிர் விடும், அது நோய்க்கு விருந்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

வெட்டியதை மரத்தடியிலேயே போடாமல் ஒரு பையில் அமுக்கி எடுத்துப்போய்க் குழியில் புதையுங்கள், அல்லது நன்றாகச் சூடேறும் மக்குக் குவியலின் நடுவில் திணியுங்கள். பனிக்காலக் காலையில் தெருவில் குப்பை கொளுத்தினால் புகை மேலே போகாமல் வீட்டுக்குள்ளேதான் வரும்.

உரமும் தண்ணீரும்

இலை சுருண்டதைப் பார்த்ததும் 'சத்து பத்தலை' என்று யூரியாவைப் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். தழைச்சத்து அதிகமானால் தளிர் மெத்தென்று நீர் கோத்து வரும், தோல் மெல்லியதாக இருக்கும், பூஞ்சை சுலபமாக ஊன்றும். நோய் இருக்கும்வரை எந்த உரமும் வேண்டாம். சித்திரையில் ஒரு கூடை மக்கிய தொழு உரம் போட்டால் போதும்.

தண்ணீரை வேருக்கு ஊற்றுங்கள். ஆனால் நோய் தொடங்கிய முதல் வாரத்தில் மட்டும், காலை எட்டு மணிவாக்கில் குழாய்த் தண்ணீரை வேகமாக இலையின் இரண்டு பக்கமும் பீய்ச்சிக் கழுவுவது நல்லது. இழைகள் அறுந்து போகும், வித்து கெடும். மாலைக்குள் இலை காய்ந்துவிட வேண்டும் என்பதால் காலை வேளையைச் சொல்கிறேன். இலை நனைந்தே இரவைக் கழித்தால் இலைப்புள்ளி போன்ற வேறு நோய்கள் வரும். உப்புத் தண்ணீராக இருந்தால் இந்த வழி வேண்டாம்.

தெளிப்பது என்று முடிவானால்

நான் நம்புவது நனையும் கந்தகத்தை. இது பழைய வைத்தியம். 1850களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைச் சாம்பல் நோய் அழித்தபோது காப்பாற்றியது கந்தகத்தூள்தான். நம் மாந்தோப்புகளில் பூக்கும் பருவத்தில் அடிப்பதும் இதைத்தான். மருந்துக் கடையில் 80 சதவீத நனையும் கந்தகம் என்று கேளுங்கள். மான்கோசெப் கொடுத்தால் வாங்காதீர்கள், அது இலைப்புள்ளிக்கு உதவும், சாம்பலுக்குப் போதாது.

லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம். பத்து லிட்டர் தெளிப்பானுக்கு 20 கிராம். உறையில் உங்கள் பொருளுக்கு வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். முதலில் ஒரு குவளைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, பிறகு முழுத் தண்ணீரில் ஊற்றி, வடிகட்டித் தெளிப்பானில் நிரப்புங்கள். தெளிக்கும்போது அடிக்கடி குலுக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் படிந்துவிடும். கண்ணில் பட்டால் எரியும், மூச்சில் போனால் தொண்டை கமறும். கண்ணாடி, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம்.

நேரம் முக்கியம். ஒரு பங்குனி மாதம் தருமபுரியில் சொந்தக்காரர் வீட்டுக் கன்றுகளுக்கு, ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் பகல் பதினோரு மணிக்குக் கந்தகம் அடித்தேன். இரண்டு நாளில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. நோய் செய்யாத சேதத்தை நான் செய்துவிட்டு வந்தேன். அந்தக் கன்றுகளை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகத்தைத் தொடாதீர்கள். ஓசூரில் மார்கழி என்றால் பனி காய்ந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்கு அடியுங்கள். தருமபுரியில் மாலை நான்கரைக்கு மேல். முதல் தடவை நாலு இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முழு மரத்துக்குப் போங்கள். பத்து முதல் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று. ஏற்கெனவே சுருண்ட இலை நிமிராது. அடுத்து வரும் தளிர் சுத்தமாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கந்தகம் வேண்டாம் என்பவர்களுக்கு வேப்பெண்ணெய். லிட்டருக்கு 10 மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில். ஒரே மரத்துக்கு வேப்பெண்ணெயும் கந்தகமும் அடுத்தடுத்து அடிக்காதீர்கள், இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். சேர்ந்தால் இலை வெந்துவிடும்.

பால் தெளிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் அதற்கு ஆதாரம் உண்டு. பிரேசில் ஆராய்ச்சியாளர் வாக்னர் பெட்டியோல் 1999இல் சுக்கினி என்ற பூசணி வகையில், பத்துக்கு ஒரு பங்கு பசும்பால் கலந்த தண்ணீரை வாரந்தோறும் தெளித்து நல்ல பலன் கண்டு எழுதினார். இடுப்பளவுக் கன்று ஒன்றிரண்டு இருந்தால் செய்து பாருங்கள், வெயில் படும் காலையில். தெரு முழுக்கப் பால் தெளிப்பது நடக்காத காரியம். சமையல் சோடா தெளிக்கும் யோசனையை மட்டும் நான் ஏற்பதில்லை. அதிலுள்ள சோடியம் மண்ணில் இறங்கும். ஏற்கெனவே உப்புத் தண்ணீர் பாயும் நம் மண்ணுக்கு அது கூடுதல் சுமை.

பூத்திருக்கும் மரத்தில் எதையும் தெளிக்காதீர்கள், தேனீ வரும். பக்கத்தில் முசுக்கொட்டைத் தோட்டம் இருந்தால் தோட்டக்காரரிடம் சொல்லாமல் தெளிப்பானைத் தோளில் மாட்டாதீர்கள். காற்றில் போகும் சாரல் இலையில் படிந்து, அந்த இலை புழுவுக்குப் போனால் ஒரு குடும்பத்தின் ஒரு மாத உழைப்பு போய்விடும். "அண்ணா, நாளைக்குச் சாயங்காலம் அடிக்கிறோம், இலை எப்போ பறிக்கிறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மஞ்சள் வண்டைக் காப்பாற்றுங்கள்

சாம்பல் பிடித்த இலைமேல் பளிச்சென்ற மஞ்சளில் மிளகைவிடச் சற்றுப் பெரிய பொறிவண்டு ஓடுவதைப் பார்த்தால் கொல்லாதீர்கள். இல்லீஸ் என்ற இனம் அது. மற்றப் பொறிவண்டுகளில் பல அசுவினியைத் தின்னும், இது சாம்பல் பூஞ்சையையே மேய்ந்து வாழ்கிறது. அதன் புழுவும் அப்படியே. முசுக்கொட்டைத் தோட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வண்டு. நான் பூச்சி மருந்தடித்துக் கொன்றது இவற்றைத்தான். இப்போது லென்ஸை வைத்துக்கொண்டு அவை இலையைச் சுத்தம் செய்துகொண்டே போவதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. வண்டு நிறைய இருந்தால் கந்தகத்தையும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

இவ்வளவு செய்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் காட்டுவதற்கு இடம் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையம், பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம். தருமபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம். இலையைப் பாலித்தீன் பையில் கொண்டுபோனால் வியர்த்து அழுகிவிடும். நோய் உள்ள கிளைநுனி ஒன்று, நல்ல கிளைநுனி ஒன்று, இரண்டையும் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, பறித்த அன்றே கொண்டுபோங்கள். மரத்தின் முழு உருவம் தெரிகிற படம் ஒன்றையும் போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வைப்பவர்களுக்கு

கிழக்கு வெயில் விழும் இடமாகப் பாருங்கள். மதில் மூலை, இரண்டு மாடிக் கட்டடத்துக்கு வடக்கே ஒட்டிய சந்து, இவை லாகர்ஸ்ட்ரோமியாவுக்கு ஆகாது. அங்கே புங்கன் வையுங்கள். மரத்துக்கு மரம் பன்னிரண்டு அடியாவது விடுங்கள்.

கன்று வாங்கப் போவதை மார்கழி, தை மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் உச்சத்தில் இருக்கும்போது நர்சரிக்குப் போனால் எந்தக் கன்று தாங்குகிறது என்று கண்ணாலேயே தெரியும். வரிசையில் பத்துக் கன்று வெளுத்து நிற்கையில் ஒன்று மட்டும் சுத்தமாக நின்றால் அதை எடுங்கள். எங்கள் தெருவுக்குக் கன்று தந்த நர்சரி அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது: "பூ கலரைப் பாத்து எடுக்காத தம்பி, பனியில எது நிக்குதுன்னு பாத்து எடு." அமெரிக்க தேசிய மரத் தோட்டத்தில் டொனால்ட் ஈகோல்ஃப் செய்ததும் இதே தேர்வுதான். ஜப்பானிய லாகர்ஸ்ட்ரோமியா ஃபவ்ரியை நம் இனத்தோடு மகரந்தக் கலப்புச் செய்து, சாம்பல் பிடிக்காத கன்றுகளைப் பொறுக்கி எடுத்தார். 1978இல் வெளியான நாட்செஸ், மஸ்கோகி என்ற வகைகள் அப்படி வந்தவை. நர்சரிக்காரர் அந்தப் பெயர்களைச் சொன்னால் தயங்காமல் வாங்குங்கள்.

நட்ட முதல் பனிக்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை நுனித்தளிரையும் அடிக்குருத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு மரத்துக்கு இரண்டு நிமிஷம் ஆகும். முதல் வட்டத் திட்டைக் கண்ட அன்றே அந்த ஒரு நுனியைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டால், பெரும்பாலும் தெளிப்பானை வெளியே எடுக்கவே வேண்டியிருக்காது.